தரையிலிருந்து 16 அடி

லாரியின் மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று மூட்டை ஏற்றுகிறவர்களைக் கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். தோளில் இருப்பதை மேலும் தூக்காமல், கீழே இறக்காமல், அப்படியே தள்ளிவிடுகிற உயரம் அது. ஓரடி கூடினால் பலகை சாய்க்க வேண்டும். நான்கடி கூடினால் ஆள் பற்றாது. போயிங் 747 சரக்கு விமானத்தின் முதன்மைத் தளம் தரையிலிருந்து சுமார் 16 அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மாடி. பெரிய விமான நிலையங்களில் இது ஒரு சிரமமே இல்லை. மேடையை மேலே உயர்த்தித் தரும் ஏற்று வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். அந்த வண்டி இல்லாத ஊரில் 100 டன் சரக்கோடு இறங்கிய 747 கதவைத் திறந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ராணுவத்துக்குச் சரக்கு விமானம் வேண்டும் என்று அரசு டெண்டர் போடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. உலகம் முழுக்க வணிக நிறுவனங்கள் லாபத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் விமானத்தையே வாங்கிவிட்டால் என்ன? விலை தெரிந்தது, குறைகள் களையப்பட்டது, உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைப்பது. புதிதாக ஒன்றை வடிவமைத்து, பத்தாண்டு காத்திருந்து, மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்கு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? வரி கட்டுகிற எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்கா இதைக் குறைந்தது இரண்டு முறை தன் நாடாளுமன்றத்திலும் பாதுகாப்புத் துறையிலும் வைத்து வெளிப்படையாக விவாதித்தது. அந்த விவாதங்களின் தடத்தைப் பின்தொடர்ந்தால், பணக்கணக்கு என்று தொடங்கியது கதவின் அகலத்திலும் தளத்தின் உயரத்திலும், கடைசியில் யாரை நம்பலாம் என்பதிலும் போய் முடிவதைப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்த டக்ளஸ் டிசி-3 பயணியர் விமானம். அதன் தரையைப் பலப்படுத்தி, பக்கவாட்டில் அகன்ற கதவு வைத்தபோது அது சி-47 ஆனது; நம் ஊர்களில் டகோட்டா. இரண்டாம் உலகப் போரில் 10,000க்கும் மேல் செய்தார்கள். வால் தரையில் படும்படி உட்காரும் விமானம் என்பதால் அதன் பின்கதவு லாரி மேடைக்கு எட்டும் உயரத்திலேயே இருந்தது. பயணியர் விமானத்துக்கும் படை விமானத்துக்கும் இடையில் ஒரு கதவு அளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் 1947 அக்டோபர் 27 சாத்தியமாயிற்று. காஷ்மீர் இந்தியாவோடு இணைந்த மறுநாள் காலை, லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் தலைமையில் முதலாம் சீக்கியப் படைப்பிரிவு டெல்லியிலிருந்து ஸ்ரீநகரின் செப்பனிடப்படாத ஓடுதளத்தில் போய் இறங்கியது. விமானப்படையின் டகோட்டாக்கள் போதவில்லை. தனியார் விமான நிறுவனங்களின் டகோட்டாக்களை அரசு கேட்டு வாங்கியது; அவற்றின் விமானிகளே ஓட்டினார்கள். இரண்டும் ஒரே விமானம், ஒரே கதவு, ஒரே தரை. கடன் வாங்குவது எளிதாக இருந்தது, கடன் வாங்கிய பொருள் சொந்தப் பொருளைப் போலவே வேலையும் செய்தது.

அடுத்த ஆண்டே பெர்லினில் வழிகள் பிரியத் தொடங்கின. சோவியத் முற்றுகையில் சிக்கிய மேற்கு பெர்லினுக்கு 1948–49இல் 20 லட்சம் டன்னுக்கும் மேல் வான்வழியே கொண்டுபோனார்கள். பெரும்பகுதி நிலக்கரி. அதைச் சுமந்தது சி-54. அதுவும் டிசி-4 என்ற பயணியர் விமானத்தின் படை வடிவம். டகோட்டா 3 டன் கொண்டுபோன இடத்தில் இது 10 டன் கொண்டுபோனது. நிலக்கரிச் சாக்குக்கும் மாவு மூட்டைக்கும் பக்கக் கதவு போதும். வாகனங்களும் பெரிய எந்திரங்களும் வேண்டியபோதுதான் சிக்கல். அவற்றுக்காகப் பின்புறம் திறக்கும் சி-82 விமானங்கள் ஐந்தைத் தனியே வரவழைத்தார்கள். பல நூறு விமானங்களுக்கு நடுவே ஐந்தே ஐந்து. ஆனால் அந்த ஐந்தின் வேலையை மற்றவற்றால் செய்ய முடியவில்லை. பின்னால் வந்த வாதங்கள் அத்தனையும் இந்த ஐந்து விமானங்களுக்குள் அடங்கியிருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

1954இல் சி-130 ஹெர்குலிஸ் என்ற படைச் சரக்கு விமானம் முதன்முதலில் பறந்தது. இறக்கை உடலின் மேலே. அதனால் வயிறு தரையை ஒட்டித் தாழ்ந்தது. வால் மேல்நோக்கித் தூக்கியிருக்க, அதன் அடியில் சாய்தளமாக இறங்கும் கதவு. ஜீப்பை நேராக உள்ளே ஓட்டலாம், நேராக வெளியே ஓட்டலாம். இந்த அமைப்புக்கு விலை உண்டு. தூக்கிய வால் காற்றை இழுக்கிறது. எரிபொருள் கூடுதலாகத் தின்கிறது. மரக்கட்டையும் பூக்கூடையும் ஏற்றிச் சம்பாதிக்கும் வணிகருக்கு அது வீண் செலவு. வணிக விமானம் வேகத்தையும் சிக்கனத்தையும் தேடிப் போயிற்று. படை விமானம் தரையைத் தேடிப் போயிற்று. அன்று பிரிந்தவை இன்றுவரை சேரவில்லை.

இந்தியா இந்தப் பிரிவின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்த நாடு. ஆவ்ரோ 748 என்ற பிரிட்டிஷ் பயணியர் விமானத்தை விமானப்படைக்காகக் கான்பூரில் செய்யத் தொடங்கினோம். முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது. அதே ஆண்டில் சோவியத்திடமிருந்து ஆன்-12 விமானங்கள் வந்தன. அவை படைக்கென்றே பிறந்தவை. 1962 அக்டோபரில் சீனப் போர் வெடித்தபோது, 14,000 அடிக்கும் மேல் இருக்கும் சுசூலுக்கு 20ஆவது லான்சர்ஸ் பிரிவின் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளைக் கொண்டுபோனது ஆன்-12. பின்கதவு இல்லாத ஆவ்ரோவில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. இதனால் ஆவ்ரோவைத் தவறான கொள்முதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள்களையும் அலுவல் சரக்கையும் அது அறுபதாண்டு சுமந்தது. பெரிய சரக்குக் கதவு வைத்த வடிவம் ஒன்றையும் பிற்பாடு செய்தார்கள். எந்தச் சுமைக்கு எந்த விமானம் என்பதை அந்த ஒரு ஆண்டு நமக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்ததற்கு வருவோம். 1965இல் மாபெரும் படைச் சரக்கு விமானத்துக்கான போட்டியில் லாக்ஹீட் வென்றது, போயிங் தோற்றது. லாக்ஹீட் செய்தது சி-5ஏ. போயிங் அடுத்துச் செய்தது 747. தோற்ற வரைபடத்திலிருந்தே 747 வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, 747 புதிதாக வரைந்த விமானம். ஆனால் ஒலியை மிஞ்சும் விமானங்கள் வந்து பயணியர் கூட்டத்தைக் கவர்ந்துவிடும், அப்போது 747 சரக்கு விமானமாகத்தான் பிழைக்க வேண்டியிருக்கும் என்று அன்று நினைத்தார்கள். அதனால் மூக்கு மேலே திறந்து சரக்கு நேராக உள்ளே போகட்டும் என்று விமானியின் அறையை மாடிக்கு ஏற்றினார்கள். 747இன் தலையில் தெரியும் அந்தப் புடைப்பு சரக்குக்காக வந்தது.

சி-5ஏ ராணுவக் கொள்முதல் வரலாற்றில் ஒரு காயம். 1968 நவம்பரில் விமானப்படையின் செலவுக் கணக்கு நிபுணர் எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், செனட்டர் பிராக்ஸ்மையரின் குழு முன் சாட்சி சொன்னார். செலவு சுமார் 200 கோடி டாலர் கூடிவிடும் என்ற உண்மையை ஒளிக்காமல் சொன்னதற்கு அவர் கொடுத்த விலை தன் வேலை. விமானங்கள் வந்த பிறகு இறக்கைகளில் விரிசல் கண்டது. 1980களில் 77 விமானங்களுக்கு இறக்கையை மாற்ற வேண்டிவந்தது. இவ்வளவுக்கும் பிறகு அந்த விமானத்தை வெறுக்க எல்லாக் காரணமும் மக்களுக்கு இருந்தது.

ஆனால் 1973 அக்டோபர் வந்தது. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. இஸ்ரேலின் வெடிமருந்து கரைந்தது. அமெரிக்க அரசு நேரடியாக மாட்டிக்கொள்ளாமல் வாடகை விமானங்களில் சரக்கை அனுப்பிவிட முயன்றது. வணிக நிறுவனங்கள் முன்வரவில்லை. போர்க்களத்துக்குப் போகும் ஆபத்து ஒன்று. அரபு நாடுகளில் தங்கள் தொழில் என்னாகும் என்பது இன்னொன்று. யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கடைசியில் படை விமானங்களே பறந்தன. சி-141 422 முறையும் சி-5 145 முறையும் பறந்து, ஒரு மாதத்தில் 22,000 டன்னுக்கும் மேல் கொண்டுசேர்த்தன. ஐரோப்பிய நட்பு நாடுகள் இடம் தராததால் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள் ஒன்றே நடுவழித் தங்கல். இஸ்ரேலின் எல் அல் நிறுவனமும் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தன் விமானங்களில் வெடிமருந்து ஏற்றியது. பிழைப்பா சாவா என்று நிற்கும் நாட்டின் நிறுவனம் அது. எம்-60 டாங்கியைக் கொண்டுபோனதோ சி-5தான்.

நான்காண்டு கழித்து, 1977இல், அமெரிக்க விமானப்படை ஒரு வணிக விமானத்தைத் தேர்ந்தெடுக்கவே செய்தது. டிசி-10ஐ அடிப்படையாகக் கொண்ட கேசி-10. எரிபொருள் நிரப்பும் விமானமாகவும் சரக்கு விமானமாகவும் பயன்பட்ட அதை மொத்தம் 60 வாங்கினார்கள். 2024 வரை ஓடின. வான்வழி எரிபொருளுக்கு ஓடுபாதை முனையில் சாய்தளம் தேவையில்லை. பெரிய, வசதியான விமானத் தளத்திலிருந்து ஏறி அங்கேயே இறங்கும் வேலை. அங்கே வணிக விமானம் அழகாகப் பொருந்தியது. இந்த வெற்றியை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

1982இல் மோதல் வந்தது. ரீகன் அரசு 50 சி-5பி விமானங்களும் 44 கேசி-10 விமானங்களும் வாங்கப்போவதாக ஜனவரியில் அறிவித்தது. போயிங் உடனே 747 சரக்கு விமானங்களைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னது. மந்த காலம், விமான நிறுவனங்களிடம் ஓட்ட ஆளில்லாத 747கள் நின்றுகொண்டிருந்தன. போயிங் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் செனட்டர் ஹென்றி ஜாக்சன் கொண்டுவந்த திருத்தத்தை மே மாதத்தில் செனட் 60–39 என்று ஏற்றது. சி-5பிக்குப் பதில் 747 என்பதே அதன் பொருள். விரிசல் விழுந்த இறக்கையும் 200 கோடி டாலரும் நினைவிலிருந்த ஒரு சபை வேறு எப்படி வாக்களித்திருக்கும்?

பிறகு நடந்தது கொள்முதல் பற்றி ஆராய்கிறவர்கள் மறக்கக் கூடாத பகுதி. பிரதிநிதிகள் சபையில் இத்திருத்தத்தைத் தோற்கடிக்க விமானப்படை அதிகாரிகளும், ஜார்ஜியா மாநிலத்தில் ஆலை வைத்திருந்த லாக்ஹீட் நிறுவனத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். எந்த உறுப்பினரை யார் பார்ப்பது, யாருக்கு என்ன சொல்வது என்ற பட்டியல் கணினியில் ஏறி நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் அந்த ஆண்டே விசாரித்து, அரசுப் பணத்தில் நடந்த இந்த ஆதரவு திரட்டல் முறையற்றது என்று அறிக்கை தந்தது. அதற்குள் ஜூலையில் பிரதிநிதிகள் சபை 747ஐ நிராகரித்திருந்தது. 50 சி-5பி வாங்கினார்கள்.

முடிவு சரியா? எனக்கு இது சங்கடமான இடம். வழி தவறு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் விமானப்படை சொன்ன தொழில்நுட்பக் காரணங்கள் உண்மையானவை. சி-5 ஏறக்குறைய யானையைப் போல மண்டியிடும்; சக்கரங்களை மடக்கித் தளத்தை லாரி மேடை உயரத்துக்குக் கொண்டுவரும். மூக்கும் பின்புறமும் இரண்டும் திறக்கும். வண்டிகளை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கலாம். 747இன் மூக்குக் கதவோ விமானியின் அறைக்குக் கீழே இருப்பதால் உயரம் எட்டேகால் அடிக்குள் அடங்குகிறது. டாங்கியோ, ஹெலிகாப்டரோ, பெரிய பாலத் தளவாடமோ நுழையாது. படைச் சரக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். 7 அடிக்கு 9 அடி அளவுள்ள பேலட் தட்டில் அடங்குவது முதல் வகை. அதில் அடங்காத நடுத்தர வண்டிகள் இரண்டாம் வகை. மிகப்பெரிய விமானம் அன்றி எதிலும் நுழையாதது மூன்றாம் வகை. சோறு, மருந்து, குண்டு, உதிரிபாகம் என்று போரின் எடையில் பெரும்பங்கு முதல் வகைதான். அதற்கு 747 மலிவு. மூன்றாம் வகை எடையில் சிறிது, ஆனால் அது வந்து சேராவிட்டால் முதல் இரண்டும் வந்து பயனில்லை. டன்னுக்கு இவ்வளவு என்று சராசரி போட்டுக் காட்டிய கணக்குகள் இந்த இடத்தில்தான் தவறின.

முதல் வகைச் சரக்குக்கும் ஆள்களுக்கும் அமெரிக்கா கண்ட வழி, வாங்காமல் கடன் வாங்குவது. பெர்லின் அனுபவத்துக்குப் பிறகு 1951இல் உருவானது வணிக விமானங்களின் சேமப் படையணி. நெருக்கடி வந்தால் இன்னின்ன விமானங்களை, விமானிகளோடு, இத்தனை மணி நேரத்துக்குள் தருகிறோம் என்று நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும். பதிலுக்கு அமைதிக் காலத்தில் அரசின் பயண, சரக்கு ஒப்பந்தங்கள் அவர்களுக்கு. 1980களில் இன்னும் ஒரு படி போனார்கள். பான் ஆம் நிறுவனத்தின் 19 பயணியர் 747களுக்கு அரசு தன் செலவில் பக்கவாட்டுச் சரக்குக் கதவு வைத்து, தரையைப் பலப்படுத்தியது. வேண்டும்போது இருக்கைகளைக் கழற்றினால் சரக்கு விமானம். கூடிய எடையால் கூடும் எரிபொருள் செலவுக்கும் ஈடு கொடுத்தது. 1988 டிசம்பரில் லாக்கர்பி மேலே குண்டு வெடித்துச் சிதறிய பான் ஆம் விமானம் அப்படி மாற்றியமைக்கப்பட்டவற்றில் ஒன்று.

39 ஆண்டு காகிதத்திலேயே இருந்த இந்த ஏற்பாடு 1990 ஆகஸ்டில் முதன்முறை உயிர்பெற்றது. குவைத்தை மீட்கும் போருக்குப் போன படைவீரரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரையும், வான்வழிச் சரக்கில் ஏறக்குறைய கால் பங்கையும் வணிக விமானங்கள் கொண்டுசேர்த்தன. மேலே நான் சொன்ன பிரிவினை இந்த இரண்டு பங்குகளிலும் அப்படியே தெரிகிறது. ஆள் இருக்கையில் உட்காருவான், பீரங்கி உட்காராது. சவூதி அரேபியாவின் பெரிய விமானத் தளங்களில் நீண்ட ஓடுபாதையும் ஏற்று வண்டியும் இருந்ததும் உதவியது. நிறுவனங்களுக்கு ஒரு கசப்பும் மிஞ்சியது. தங்கள் விமானம் பாலைவனத்துக்குப் போன நாள்களில், விமானம் தராத போட்டியாளர் தங்கள் பயணியரைக் கொத்திக்கொண்டு போனதாக உணர்ந்தார்கள். கதவு வைத்துக்கொண்ட பான் ஆம் 1991 டிசம்பரில் மூடப்பட்டது. அரசு பணம் போட்ட திறன் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆயுளோடு கட்டுண்டிருந்தது.

இரண்டாம் முறை கேள்வி எழுந்தது 1993இல். சி-5க்கு அடுத்து வந்த சி-17 தத்தளித்துக்கொண்டிருந்தது. தாமதம், செலவு, குறைகள். 1992 அக்டோபரில் சோதனையின்போது, வரம்புச் சுமையின் 150 சதவீதத்தைத் தாங்க வேண்டிய இறக்கை 128 சதவீதத்திலேயே உடைந்தது. 40 விமானங்களோடு நிறுத்துகிறோம், இரண்டாண்டு தகுதிகாண் பருவம், தேறாவிட்டால் மாற்று என்று பென்டகன் முடிவெடுத்தது. மாற்று, 747-400 சரக்கு விமானம். அதற்கு சி-33 என்று படைப்பெயரும் தயாராயிற்று. 1982இல் நடந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். எதிரில் உண்மையான மாற்று ஒன்று நிற்கிறது என்று தெரிந்ததும் சி-17 செய்த மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் தன்னைத் திருத்திக்கொண்டது. 1995 கோடையில் 12 விமானங்களை 30 நாள் போர்க்கால வேகத்தில் ஓட்டிச் சோதித்தபோது சி-17 தேறியது. நவம்பரில் மேலும் 80, மொத்தம் 120 என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு அந்த 80க்கு 1,620 கோடி டாலர் ஒப்பந்தம். வாங்கப்படாத 747, வாங்கிய விமானத்தைச் சீர்ப்படுத்தியது. போட்டியின் பயனைப் பற்றி இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

சி-17ஐயும் 747ஐயும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நிறுத்துமிடக் கணக்கு என்று ஒன்று உண்டு. பொது விவாதங்களில் அது பெரும்பாலும் காணாமல் போகிறது. ஒரு பேருந்து நிலையம் நாளைக்கு எத்தனை பேரை அனுப்பும் என்பதைப் பேருந்தின் இருக்கை எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. ஒரு வண்டி எவ்வளவு நேரம் தடத்தை அடைத்து நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. விமானத் தளமும் அப்படித்தான். 747 சுமார் 112 டன் தூக்கும், சி-17 77 டன். காகிதத்தில் 747 வெல்கிறது. ஆனால் 747க்கு இடம் அதிகம் வேண்டும். இறக்கவும் நேரம் பிடிக்கும். சி-17 சுமார் 3,500 அடி ஓடுபாதையில் இறங்கி, தன் எஞ்சினாலேயே பின்னோக்கி நகர்ந்து, குறுகிய இடத்தில் திரும்பும். சாய்தளத்தை இறக்கிச் சரக்கைத் தள்ளிவிட்டு எழும்பும். இரண்டே விமானம் நிற்க இடமுள்ள ஊரில், நாள் முடிவில் எது அதிகச் சரக்கை இறக்கியிருக்கும் என்பது வேறு கணக்கு. இறங்கும் ஊர் எது என்று முன்கூட்டித் தெரிந்தால் வணிக விமானமே போதும். போர் எந்த ஊரில் வரும் என்று எந்த அரசுக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

‘வணிக விமானம்’ என்ற சொல்லுக்கு விமானக் கொட்டகைக்கு வெளியே, சட்டப் புத்தகத்துக்குள் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. அமெரிக்கக் கொள்முதல் விதிகளின்படி, சந்தையில் பொதுமக்களுக்கு விற்கும் பொருளை அரசு வாங்கினால், தயாரிப்பாளர் தன் அடக்கச் செலவைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. சந்தையே விலையைக் கட்டுப்படுத்தும் என்பது நம்பிக்கை. உண்மையான 747க்கு இது பொருந்தும். ஆனால் வெளியே ஒருவரும் வாங்காத விமானத்துக்கும் இந்தப் பெயரை ஒட்டினார்கள். சி-130ஜே ஹெர்குலிஸ் அப்படித்தான் வாங்கப்பட்டது. போயிங் 767 அடிப்படையிலான எரிபொருள் விமானங்களை 2000களின் தொடக்கத்தில் குத்தகைக்கு எடுக்கத் திட்டமிட்டபோதும் அதே பெயர். பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2004இல் இரண்டையும் கண்டித்தார். 767 பேரத்தில் அரசுத் தரப்பில் முடிவெடுத்த டார்லீன் டிரூயன் பேச்சுவார்த்தை நடக்கும்போதே போயிங்கில் வேலைக்குப் பேசிக்கொண்டிருந்தது வெளிவந்து சிறைக்குப் போனார். சந்தை விலை என்பது சந்தை இருக்கும் இடத்தில் மட்டும்தான் மக்களைக் காக்கும். இந்தியாவில் கொள்முதல் விதி எழுதுகிறவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

பிரிட்டன் கற்ற பாடம் சுருக்கமானது. தன் விமானப்படையின் மிகப்பெரிய சரக்கு விமானமான பெல்ஃபாஸ்ட்டைச் சிக்கனம் கருதி 1976இல் கைகழுவியது. சில விமானங்கள் ஒரு தனியார் சரக்கு நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆறே ஆண்டில் ஃபாக்லாந்துப் போர் வந்தது. தான் விற்ற விமானத்தைத் தானே வாடகைக்கு எடுத்தது. போருக்குப் பின் பிரிட்டிஷ் ஏர்வேஸ், பான் ஆம் நிறுவனங்கள் ஓட்டிய ஒன்பது ட்ரைஸ்டார் பயணியர் விமானங்களை வாங்கி 2014 வரை ஓட்டியது.

ஐரோப்பிய நாடுகள் வேறு வழி பிடித்தன. 2006 முதல் ஆன்-124 விமானங்களைக் கூட்டாக வாடகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. சோவியத் படைக்காகப் பிறந்து, சோவியத் கலைந்தபின் வணிகத்துக்கு வந்த விமானம் அது. ஒருவகையில் டகோட்டாவின் கதையைத் திருப்பிப் போட்டது. ஆனால் ஓட்டியவை ஒரு ரஷ்ய நிறுவனமும் ஓர் உக்ரைன் நிறுவனமும். ரஷ்யாவோடு உறவு முறிய முறிய, ரஷ்ய நிறுவனம் 2018இல் விலகிக்கொண்டது. நேட்டோ நாடுகளின் பெருஞ்சரக்குத் திறன், நேட்டோ யாருக்கு எதிராக உருவானதோ அந்த நாட்டின் நிறுவனத்தை நம்பிப் பன்னிரண்டு ஆண்டு ஓடியிருக்கிறது.

இந்தியா 2011இல் 410 கோடி டாலருக்கு 10 சி-17 வாங்க ஒப்பந்தம் செய்தது. பதினொன்றாவது 2019இல் வந்தது. அது கடைசி. 279 விமானங்களோடு அந்த ஆலை 2015இல் மூடிவிட்டது. இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதிது கிடையாது. 2020 கல்வான் மோதலுக்குப் பின் விமானப்படை 68,000க்கும் மேற்பட்ட வீரர்களையும் சுமார் 90 டாங்கிகளையும் கிழக்கு லடாக்குக்குக் கொண்டுபோனபோது, டாங்கிகளைப் பொறுத்தவரை சாய்தளமுள்ள விமானத்துக்கு மாற்றே இல்லை. மறுபக்கம், போதிய தரை வசதி இல்லாததால் சி-17இன் திறன் முழுதாகப் பயன்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் குறை சொல்லியிருக்கிறார். பாதி நிரம்பிய சி-17 பெட்டிகளைச் சுமந்து நல்ல ஓடுபாதைக்கும் நல்ல ஓடுபாதைக்கும் இடையே பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும், மீண்டும் வாங்க முடியாத ஓர் ஆயுளிலிருந்து கழிகிறது. அந்த வேலைக்கு நாலைந்து வணிகச் சரக்கு விமானங்களை வாங்கினாலோ நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டிவைத்தாலோ, சி-17களின் ஆயுள் லடாக்குக்கென்று மிஞ்சும். என் பார்வையில் வணிக விமானத்துக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான்.

வணிக விமானப் பக்கமும் கதவு சாத்தப்படுகிறது. கடைசி 747, ஒரு சரக்கு விமானம், 2023 ஜனவரி 31 அன்று வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. அதன் இடத்தைப் பிடித்த 777 சரக்கு விமானத்துக்கு மூக்கு திறக்காது. பக்கக் கதவு மட்டும்.

எந்த வேலைக்கு எது என்ற பிரிவை நான் இவ்வளவு நேரம் தெளிவான கோடுபோல எழுதிவிட்டேன். களத்தில் அது கலங்கும். 1990இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை அம்மான் வழியாக மீட்டது பெரும்பாலும் ஏர் இந்தியா. 59 நாள், 488 பறப்புகள். 2015இல் ஏமன் போரின்போது எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த சனாவுக்குள் போனது ஏர் இந்தியாவின் பயணியர் விமானம், அங்கிருந்து ஜிபூட்டிக்கு. ஜிபூட்டியிலிருந்து கொச்சிக்கும் மும்பைக்கும் அமைதியான வானில் பறந்தது விமானப்படையின் சி-17. சனாவின் ஓடுபாதை நன்றாக இருந்தது, அனுமதி தேவைப்பட்டது. ராணுவச் சின்னம் தாங்கிய விமானம் இறங்குவதும் பயணியர் விமானம் இறங்குவதும் ராஜதந்திரத்தில் ஒன்றல்ல.

2023 ஏப்ரல் இறுதியில் சூடானில் சண்டைக்கு நடுவே சிக்கிய இந்தியரை மீட்டபோது நிலைமை மறுபடி மாறியது. ஆபரேஷன் காவேரி என்று பெயரிட்ட அந்த மீட்பில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் போர்ட் சூடான் போய்ச் சேர்ந்து கப்பலிலும் விமானத்திலும் கடல் தாண்டினார்கள். அங்கே போக வழியில்லாத 121 பேர் கார்ட்டூமுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வாடி சையித்னா ஓடுதளத்தில் காத்திருந்தார்கள். ஓடுபாதை சிதைந்திருந்தது, விளக்கு இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை, எரிபொருள் இல்லை. இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்த விமானிகள் சி-130ஜே ஒன்றை இருட்டில் இறக்கினார்கள். எஞ்சினை நிறுத்தாமல் சாய்தளத்தைத் தரையில் வைத்தார்கள். 121 பேரும் நடந்தே ஏறினார்கள். ஏணி தேவைப்படவில்லை. ஜெத்தா வரை அப்படி. அங்கே விளக்கெரியும் ஓடுபாதையில், பயணியர் விமானங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன.